தோட்டத்துத் திடலில் பார்த்த படங்கள்

 

மக்கள் என்றும் மறவாத திரைப்படங்கள் எவை, அவற்றின்மீது ஏன் இத்துணைப் பற்றுக் கொண்டிருக்கின்றனர் என்னும் பொருள்பற்றிப் பேச வந்திருக்கின்றோம். பொருள் மிகப் பெரிது. உலகில் வெளிவந்த படங்களையெல்லாம் தராசில் இட்டு நிறுத்து, இது முதலாவது, இது பத்தாவது என்று முத்திரை குத்தும் ஆற்றல் நமக்கு இல்லை. அதில் விருப்பமும் இல்லை. நமக்குத் தெரிந்த ஓர் இடத்தில் நின்று மட்டும் பேசுவோம். அந்த இடம் இந்நாட்டு ரப்பர்த் தோட்டங்களின் விளையாட்டுத் திடல்.

இன்று அத்திடல்களுள் பல இல்லை. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கின்றது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துவிட்டன. ஆயினும், 1950ஆம் ஆண்டுகளிலும் 1960ஆம் ஆண்டுகளிலும் தோட்டத்தில் வளர்ந்தவர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். இரண்டு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணி இழுத்துக் கட்டப்பட்டதும், வண்டியிலிருந்து மின்னாக்கி இறக்கப்பட்டதும், அது உறுமத் தொடங்கியவுடன் லயத்துப் பிள்ளைகள் சாக்கும் பாயும் தூக்கிக்கொண்டு ஓடியதும் நேற்று நடந்தவைபோல் அவர் சொல்வார்.

1946இல் மலாயா அரசாங்கம் மலாயன் ஃபிலிம் யூனிட் என்னும் படப்பிடிப்புப் பிரிவைத் தொடங்கிற்று. அதுவே பின்னாளில் ஃபிலிம் நெகாரா ஆயிற்று. அது தயாரித்த படங்களைத் தகவல் இலாகாவின் வண்டிகள் தோட்டம் தோட்டமாக, கம்பம் கம்பமாகக் கொண்டுசென்று காட்டின. கொசுவை ஒழிக்கும் முறை, வாக்களிக்கும் முறை, சுகாதாரம், சேமிப்பு ஆகியவை முதலில் வரும். மக்களும் பொறுமையுடன் பார்ப்பர். உண்மையைச் சொல்வதானால், அதற்குப்பின் வரப்போகும் கதைப்படத்திற்காகவே அந்தப் பொறுமை! தோட்ட நிருவாகம் வரவழைத்த படங்களும் உண்டு. திருவிழாவிற்குக் கோயில் குழுவினர் ஏற்பாடு செய்த படங்களும் உண்டு. தலைக்கு இத்தனை காசு என்று வாங்கிக்கொண்டு காட்டியவர்களும் உண்டு.

துணிக்கு முன்னால் இடம் பிடிக்க இயலாதவர் பின்னால் போய் அமர்வர். அங்கிருந்து பார்த்தால் படம் வலம் இடமாகத் தெரியும். எழுத்துகள் இடவலமாய்ப் புரண்டு நிற்பதுபோல் தோன்றும், எம்.ஜி.ஆர். இடக்கையால் வாள் சுழற்றுவார். 'நாடோடி மன்னன்' படத்தைப் பின்பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர், எம்.ஜி.ஆர். இடக்கைப் பழக்கமுடையவர் என்றே பல்லாண்டுகள் நம்பியிருந்ததாக நம்மிடம் சொன்னார். ஒரு சுருள் முடிந்து மறுசுருள் மாட்டப்படும்வரை இருட்டில் குழந்தைகள் அழும்; வெற்றிலைப் பெட்டிகள் திறக்கும். மழை வந்தால் துணியைச் சுருட்டுவர். மழை விட்டால் மறுபடி கட்டுவர். படம் முடியும்போது நள்ளிரவு கடந்திருக்கும். எனினும், விடிவதற்குமுன் பெரட்டுக்குப் போயாக வேண்டும். கண்கள் எரிய எரியப் பால் வெட்டினாலும், 'நேற்றைய படம்' என்று பேச்சுத் தொடங்கினால் நிரை முழுவதும் அது ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தப் பற்றைப் பலரும் குறைகூறியதுண்டு. சினிமாப் பைத்தியம் என்றனர். அரை வயிற்றுக்குக் கஞ்சி இல்லாதவன் அரிதாரத்தைக் கண்டு மயங்குகிறான் என்றனர். படித்தவர் பேசும் மேடைகளில் இது வழக்கமான பேச்சாக இருந்தது. நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு பேசியிருக்கின்றோம். மக்கள் திரையில் எதைக் கண்டு விரும்பினர் என்று அவர்களிடம் ஒருமுறையேனும் கேட்காமல் பேசிய பேச்சு அது. இன்று அதைத் திருத்திக்கொள்ளும் கடமை நமக்கு உண்டு.

முதலில் 'பாசமலர்' படத்தை எடுத்துக்கொள்வோம். 1961ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த படம். இயக்கியவர் ஏ. பீம்சிங். கே.பி. கொட்டாரக்கராவின் கதை, ஆரூர்தாஸின் வசனம், விசுவநாதன், ராமமூர்த்தி இருவரின் இசை, கண்ணதாசனின் பாடல்கள். அண்ணனாகச் சிவாஜி கணேசன், தங்கையாகச் சாவித்திரி, தங்கையின் கணவராக ஜெமினி கணேசன். தாய் தந்தையற்ற இருவர். அண்ணன் ஆலையில் வேலை செய்கின்றான்; தங்கை வீட்டிலிருந்து பொம்மை செய்து காசு சேர்க்கின்றாள். ஆலை மூடப்பட்டதும் அவள் சேர்த்த பணமே அண்ணனுக்கு முதலாகின்றது. அவன் முதலாளி ஆகின்றான். தொழிலாளர் பக்கம் நின்று பேசும் பழைய நண்பனே தங்கை மனத்தில் இடம்பெற்றவன் என அறிந்து முதலில் சினந்து, பிறகு தானே மணம் முடித்து வைக்கின்றான். அதன்பின் உறவினரால் பகை மூளுகின்றது, வீடு இரண்டாகின்றது, இறுதியில் கண்ணொளி இழந்த அண்ணனும் தங்கையும் கைகோத்தவாறே உயிர் விடுகின்றனர்.

கதையை இப்படிச் சுருக்கிச் சொன்னால், இதில் என்ன இருக்கின்றது என்று இளைஞர் கேட்கக்கூடும். மிகையான அழுகை என்றும் சொல்லக்கூடும். மிகை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால், இப்படத்தைக் கண்டு அழுதவர்கள் யார் என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பேராக் மாநிலத்தில் ஒரு மூதாட்டியைச் சில ஆண்டுகளுக்குமுன் சந்தித்தோம். வயது எண்பதைக் கடந்தவர். தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே பால்வெட்டி ஓய்ந்தவர். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது தந்தையைச் சயாமுக்குக் கொண்டுபோயினர். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் போட்ட மரண இரயில்பாதையை நாம் அனைவரும் அறிவோம். அங்குப் போன நம் தோட்டத்து மக்களுள் பல்லாயிரவர் திரும்பவில்லை. அவர் தந்தையும் திரும்பவில்லை. தாயும் நெடுநாள் இல்லை. ஆறேழு வயது மூத்த அண்ணனே, புல் வெட்டியும் எடுபிடி வேலை செய்தும் தங்கையை வளர்த்தார். 'பாசமலர்' தோட்டத்திற்கு வந்தபோது இருவரும் ஒரே சாக்கில் அமர்ந்து பார்த்தனர். அண்ணன் அன்று சிரித்தாராம். "இந்தச் சிவாஜி என்னா இப்படி அழுவுறாரு!" என்று கேலி செய்தாராம்.

அண்ணன் குடியுரிமைக்கு எழுதிப்போடவில்லை. எழுத்தறியாதவர், பிறப்புப் பத்திரமும் கையில் இல்லை, இன்று நாளை என்று காலம் போயிற்று. 1969இல், குடிமக்கள் அல்லாதோர் வேலை பர்மிட் பெற்றே தொழில் செய்யலாம் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரவர் அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் கப்பலேறினர். அந்த அண்ணனும் அவர்களுள் ஒருவர். தங்கையின் கணவரோ நீல அட்டைக்காரர். பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தனர். ஆகவே அவர் இங்கேயே தங்கினார். கோழி வளர்த்து முட்டை விற்றுச் சேர்த்த பணத்தை அண்ணனின் கையில் கொடுத்து, பினாங்குத் துறையில் 'ரஜுலா' கப்பலில் ஏற்றிவிட்டு வந்தார்.

"அந்தப் படத்துல அவ பொம்மை செஞ்சு சேத்த காசுல அண்ணன் மொதலாளி ஆனான். நான் முட்டை வித்துச் சேத்த காசுல எங்கண்ணன் கப்பலேறிப் போச்சு," என்றார் அந்த அம்மையார்.

தொலைக்காட்சியில் 'பாசமலர்' வரும்போதெல்லாம் தவறாமல் பார்ப்பாராம். ஆனால், இறுதிக் காட்சி நெருங்கும்போது எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விடுவாராம். ஏன் என்று கேட்டோம். "அந்த அண்ணன் தங்கச்சி கையப் புடிச்சிக்கிட்டுச் செத்தான். எங்கண்ணன் செத்த சேதி, பதினாறாம் நாள் காரியமும் முடிஞ்ச பெறகு கடுதாசியா வந்துச்சு," என்றார்.

நாம் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமன்று. கூலித் தொழிலுக்கு ஆட்கள் மலாயா வருவதை 1938இல் இந்திய அரசாங்கம் தடுத்தது. பின்பு போர் வந்தது, கப்பல்கள் நின்றன. 1953இல் மலாயாவின் குடிநுழைவுச் சட்டம் கடுமையாயிற்று. அதன்பின் 1969. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குள் நான்கு முறை, ஒரே வயிற்றுப் பிள்ளைகளுக்கிடையே கடல் வந்து நின்றது. அங்கே அண்ணன், இங்கே தங்கை. அங்கே தாய், இங்கே மகன். கடிதம் எழுதுவதற்கும் கிராணியையோ பள்ளி ஆசிரியரையோ நாட வேண்டும். மனத்தில் உள்ளதையெல்லாம் பிறர் கையால் எழுத முடியுமா? 'இங்கு அனைவரும் நலம்' என்பதோடு கடிதம் முடிந்துவிடும். சொல்லாமல் விட்டவை அனைத்திற்கும் ஓர் இரவு திடலில் அழுவதற்கு இடம் கிடைத்தது. இருட்டில் யார் அழுகின்றனர் என்று யாருக்கும் தெரியாது. காவியம் பார்த்து அழுவதில் வெட்கமும் இல்லை. அந்த அழுகையை மயக்கம் என்று சொல்வது நியாயமன்று.

இன்னொன்றும் உண்டு. நம் மக்களுக்கு அண்ணன் தங்கை கதை புதியதன்று. நல்லதங்காள் கதையைத் தாலாட்டோடு கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். கொங்கு நாட்டிலிருந்து வந்தோர் அண்ணன்மார் கதையைத் தம்முடன் கொண்டு வந்தனர். பொன்னரையும் சங்கரையும் அறிந்தவர்கள் தங்கை தங்காளையும் அறிவர். தோட்டத்துக் கூத்து மேடையில் நடந்த அக்கதைகளின் இடத்திற்கே பீம்சிங்கின் படமும் வந்து சேர்ந்தது. அதே பீம்சிங் 1959இல் எடுத்த 'பாகப் பிரிவினை' இங்கு வந்த காலத்தில், தோட்டங்களே துண்டு துண்டாக விற்கப்பட்டுக் கொண்டிருந்தன. ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் பிரிந்து போயினர். அந்தத் துண்டாடலைத் தடுக்கும் நோக்கத்துடனேயே துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். கூட்டுக் குடும்பம் உடையும் கதையை அந்நாளில் பார்த்தவர், தம் வீட்டை மட்டும் நினைத்திருப்பாரா, தம் தோட்டத்தையும் நினைத்திருப்பாரா? இரண்டையும் நினைத்திருப்பார் என்றே கருதுகின்றோம்.

இப்படத்தில் நமக்கு உடன்பாடில்லாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பெண் என்பவள் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டும், முடிவில் மாள வேண்டும் என்று அக்காலப் படங்கள் ஓயாமல் சொல்லின. 'பாசமலர்' அதற்கு விலக்கன்று. சாவித்திரி போன்ற பெரிய நடிகை, கண் ஒன்றினாலேயே ஒரு பக்க வசனத்தைச் சொல்லிவிடக்கூடியவர், கடைசிவரை அழுவதற்கென்றே அமர்த்தப்பட்டிருப்பது நமக்கு ஏமாற்றமே. நாம் மேலே குறிப்பிட்ட அம்மையார் மாளவில்லை. நான்கு பிள்ளைகளை ஆளாக்கினார்.

இனி, எம்.ஜி.ஆர். படங்களுக்கு வருவோம். 1965ஆம் ஆண்டு பொங்கலன்று வெளிவந்த 'எங்க வீட்டுப் பிள்ளை' பற்றிச் சொல்லாவிட்டால், இங்கிருக்கும் பெரியோர் பலர் நம்மை மேடையிலிருந்து இறங்க விடமாட்டார்கள். தெலுங்கில் என்.டி. ராமராவ் நடித்து 1964இல் வந்த 'ராமுடு பீமுடு' படத்தின் தமிழாக்கம் அது. தமிழில் சாணக்யா இயக்கினார். எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம், சரோஜாதேவி நாயகி, நம்பியார் கொடிய மைத்துனர்.

கதையின் அடித்தளத்தைப் பாருங்கள். ராமு என்பவன் பெருஞ்செல்வத்திற்கு உரியவன். அந்த வீடு அவனுடையது. அந்தச் சொத்து அவனுடையது. ஆனால், அவ்வீட்டில் அடிபடுபவனும் அவனே. மைத்துனர் சாட்டையை எடுத்தால் அவன் நடுங்குவான். வீட்டுக்கு உரியவனே வீட்டில் வேலைக்காரனாய் வாழ்கின்றான். பின்பு, அவனைப்போன்றே தோற்றமுள்ள இளங்கோ என்னும் துணிச்சல்காரன் தற்செயலாக அவ்வீட்டிற்குள் வருகின்றான். ஒரு நாள் அந்தச் சாட்டை கைமாறுகின்றது.

அக்காட்சியில் திடல் எழுந்து நின்றது. துண்டுகள் பறந்தன. 'விசில்' ஓசையில் மின்னாக்கியின் உறுமல் கேட்கவில்லை என்பார்கள். காரணம் தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. காடு வெட்டியவர்கள், மரம் நட்டவர்கள், பாதை போட்டவர்கள், அந்தத் திடலைச் சமப்படுத்தியவர்களும் அவர்களே. ஆயினும் துரையின் வண்டி வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நின்றவர்கள் அவர்கள். கங்காணியின் ஏச்சுக்கும் தண்டலின் ஏச்சுக்கும் பதில் சொல்லாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள். தங்களைத் துணிச்சலற்ற ராமுவாகவே அவர்கள் கண்டனர். தங்களுக்குள் ஓர் இளங்கோவும் இருக்கின்றான் என்று அப்படம் அவர்களிடம் சொல்லிற்று. ஒரே முகம், இரண்டு மனிதர்! இரட்டை வேடப் படங்கள் ஏன் நம்மவர்க்கு இவ்வளவு பிடித்தன என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் நமக்குத் தோன்றவில்லை. 1958இல் வந்த 'நாடோடி மன்னன்' படத்திலும் இதுவே நடக்கின்றது. மன்னனின் முகம் கொண்ட நாடோடி ஒருவன் அரியணையில் அமர்ந்து ஏழைகளுக்குச் சட்டம் எழுதுகின்றான்.

தோட்டத்தில் கூலி உயர்ந்தது திரைச் சாட்டையால் அன்று. 1954இல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து அமைந்த தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் மேசையின் எதிரே அமர்ந்து, ஆண்டுக்கணக்கில் பேசிப் பேசிப் பெற்றுத் தந்தவை அவை. அப்பேச்சில் துண்டு பறக்கவில்லை, விசிலும் இல்லை. இதை நாம் சொன்னபோது ஒரு பெரியவர் நம்மை மறித்தார். கூட்டத்தில் எழுந்து முதன்முதலாகத் தாம் கேள்வி கேட்ட நாளில், கால் நடுங்கியதாம், அப்போது எம்.ஜி.ஆர். படிக்கட்டில் சாட்டையோடு நின்ற கோலத்தை நினைத்துக்கொண்டாராம். அவ்வாறெனில், நாம் பிரித்துச் சொன்ன இரண்டும் அவருக்குள் பிரிந்திருக்கவில்லை. அவர் சொன்னதையே ஏற்றுக்கொள்கின்றோம்.

எம்.ஜி.ஆர். அணி, சிவாஜி அணி என்று பிரிந்து லயத்துக்கு லயம் சண்டையிட்டதும் உண்டு. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையின்றி இருந்ததும் உண்டு. சுவரொட்டிக்குச் சாணி அடித்ததையும், மண்டை உடைந்து மருந்தகத்திற்குப் போனதையும் பெருமையாகச் சொல்லும் தாத்தாக்கள் இன்றும் இருக்கின்றனர். பேரப்பிள்ளைகளே, அதை மட்டும் பின்பற்ற வேண்டா.

அதே 1965ஆம் ஆண்டில் ஏ.பி. நாகராஜன் 'திருவிளையாடல்' தந்தார். கோயில் திருவிழாவுக்கு இதைவிடப் பொருத்தமான படம் இல்லை என்று தோட்டத்துக் கோயில்கள் கருதின. சிவாஜி சிவபெருமானாக வந்ததைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டவர் பலர். எனினும், அப்படத்தில் மக்கள் மனத்தில் குடிபுகுந்தவர் நாகேஷ். ஆயிரம் பொற்காசுக்காக ஏங்கும் ஏழைப் புலவன் தருமி. சொந்தமாக எழுத வராது, பரிசோ வேண்டும். இறைவனிடமே ஐயத்துடன் கேள்வி கேட்பான், கிடைத்த பாட்டில் பிழை இருந்தால் என்ன ஆகும் என்று கலங்குவான். சம்பள நாளில் கடைக்காரன், வட்டிக்காரன், சீட்டுக்காரன் மூவரையும் எப்படிச் சமாளிப்பது என்று கணக்குப் போட்டவர்களுக்கு அந்தத் தருமியை விளக்க வேண்டுமா? இறைவனை வணங்கப் போனவர்கள் தம்மையே கண்டு சிரித்துவிட்டு வந்தனர்.

தமிழ்ப் படங்களை மட்டும் சொல்லி நிறுத்தினால் பேச்சு அரைகுறையாகிவிடும். திடலில் மலாய்ப் படங்களும் ஓடின. அந்த மலாய்ப் படங்களில் நம் கைரேகையும் உண்டு. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புக் கூடத்தில் ஷா சகோதரர்கள் எடுத்த தொடக்ககாலப் படங்கள் பலவற்றை இயக்கியவர்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'பக்தி' படத்தை 1950இல் இயக்கியவர், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன். ரம்லி 1929இல் பினாங்கில் பிறந்தவர். 1955இல் 'பெனாரிக் பெச்சா' என்னும் படத்தின் வழியாக இயக்குநராகவும் ஆனார். ரிக்‌ஷா இழுக்கும் ஏழை இளைஞனுக்கும் செல்வர் வீட்டுப் பெண்ணுக்கும் இடையே மலரும் அன்பே அதன் கதை. தமிழ்ப் படம் பார்த்துப் பழகியவருக்கு அதில் புரியாதது ஒன்றுமில்லை. மொழி அரைகுறையாகத் தெரிந்தவரும் 'புஜாங் லாப்போக்' படத்தின் மூன்று மணமாகாத இளைஞர்கள் படும் பாட்டைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தனர்.

'அனாக்கு சசாலி' என்று ஒரு படம் 1956இல் வந்தது. ஃபணி மஜும்தார் இயக்கினார். அதில் தந்தையாகவும் மகனாகவும் ரம்லி ஒருவரே நடித்தார். அடுத்த ஆண்டு தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான விருதையும் பெற்றார். செல்லம் கொடுத்துக் கெடுத்த மகன் குற்றவாளியாகித் தஞ்சம் தேடி வருகின்றான். தந்தை தாமே காவல் துறையிடம் அவனை ஒப்படைக்கின்றார். பதினெட்டு ஆண்டுகளுக்குப்பின், 1974இல், பி. மாதவன் இயக்கிய 'தங்கப்பதக்கம்' படத்தில் காவல் அதிகாரியான சிவாஜி, நாட்டுக்கு எதிராகத் திரும்பிய மகனைத் தாமே சுட்டு வீழ்த்துகின்றார். நம் மக்கள் இரண்டையும் பார்த்தனர். இரண்டிலும் மனுநீதிச் சோழனைக் கண்டனர். மலாய் அண்டை வீட்டாருக்கு மனுநீதிச் சோழனைத் தெரியாது. ஆயினும், மகனைப் பெற்ற வயிறு எரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். நியாயம் தவறக்கூடாது என்பதும் தெரியும். பி. ரம்லி 1973இல் மறைந்தபோது தோட்டத்துத் தமிழ் வீடுகளிலும் வருந்தினர் என்பதைக் கேட்டிருக்கின்றோம்; அதில் வியப்பில்லை.

1963ஆம் ஆண்டு இறுதியில் நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கிற்று. முதலில் கிராணி வீட்டுச் சன்னலில் பத்துத் தலைகள் தெரிந்தன. பிறகு லயத்திற்கு ஒன்று, வீட்டிற்கு ஒன்று என்றாயிற்று. 1980ஆம் ஆண்டுகளில் வீடியோ நாடா வந்தது. திடலில் புல் வளர்ந்தது. அதுபற்றி ஒப்பாரி வைக்க வேண்டிய தேவை இல்லை. மழையில் நனையாமல், கால் நீட்டி அமர்ந்து பார்ப்பதும் நல்லதே. ஆனால், நூறு வீடுகள் ஒரே வேளையில் அழுததும் ஒரே வேளையில் சிரித்ததும் அத்துடன் நின்றன.

அண்மைக் காலத்தில் இரண்டு படங்கள் நம்மைத் திரும்பவும் அந்தத் திடலுக்கு இட்டுச் சென்றன. ஒன்று, 2016இல் பா. ரஞ்சித் இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்த 'கபாலி'. உலகெங்கும் ஆரவாரத்துடன் வந்த படம். தோட்டத் தொழிலாளரின் கூலிக்காகக் குரல் கொடுத்தவனின் வரலாறு அதில் பின்னோக்கி வரும். ரஜினியைப் பார்க்கப் போனவர்கள், நம் லயத்தையும் பால்மரத்தையும் பெருந்திரையில் கண்டு ஒரு கணம் அசைவற்று அமர்ந்தனர். துப்பாக்கிச் சத்தம் குறைந்திருக்கலாம் என்பது நமது கருத்து.

மற்றொன்று அதற்கு முந்திய ஆண்டில் வந்தது. நம் நாட்டிலேயே, நம் நாட்டுக் கலைஞராலேயே எடுக்கப்பட்டது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்'. கெட்டவன் என்று பொருள்படும் மலாய்ச் சொல், நம்மவர் நாவில் அவ்வாறு ஆகியிருக்கின்றது. அதுவே படத்தின் பெயர். தோட்டத்தை விட்டு வெளியேறி நகரோரத்தில் ஒதுங்கிய ஒரு குடும்பம். 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கம். அப்போய் என்னும் சுட்டிப் பையன். தந்தை படி, படி என்று அடிக்கின்றார். தெருவோ வேறு பாடம் கற்பிக்கின்றது. பெரிய நடிகர் இல்லை, வெளிநாட்டுப் பாடல் காட்சி இல்லை. எனினும், 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்துக்கான விருது அதற்குக் கிடைத்தது. தமிழ் பேசிய படம் ஒன்று அவ்விருதைப் பெற்றது குறித்து மகிழ்ந்தோம். ஆனால், அப்படம் முடிந்து விளக்கெரிந்தபோது திரையரங்கில் நம் பக்கத்தில் இருந்த நடுவயதுக்காரர் எழவில்லை. "என் தம்பி," என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் பேச அவரால் இயலவில்லை.

'பாசமலர்' பார்த்த அம்மையார் அண்ணன் என்றார். இவர் தம்பி என்கின்றார். இடையே 50 ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன.

நாம் அந்த அம்மையாரிடம் முதலில் கேட்ட கேள்வி, "உங்களுக்குப் பிடித்த படம் எது?" என்பது. அதற்கு அவர் பெயரை மட்டும் சொன்னார். பேச்சு அங்கேயே நின்றிருக்கும். "யாருடன் உட்கார்ந்து பார்த்தீர்கள்?" என்று தற்செயலாகக் கேட்டோம். அதன்பிறகே சயாமும், சிவப்பு அட்டையும், கப்பலும் வந்தன. இவற்றுள் பலவும் அவர் பேரப்பிள்ளைகளுக்கே அன்றுதான் தெரியவந்தன. அவர்கள் கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தனர்.

இங்கு வந்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு வீட்டிற்குச் சென்றதும், பாட்டியோ தாத்தாவோ இருப்பின், இவ்விரண்டு கேள்விகளையும் கேளுங்கள். இரண்டாவதை மறந்துவிட வேண்டா. சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், கைப்பேசியில் பதிவு செய்தாலும் நன்று. தோட்டத்தின் பெயர், ஆண்டு, எந்தத் திடல், படம் காட்ட வந்தவர் யார் என்பவற்றையும் கேட்டுக் குறியுங்கள். அவர் இடையில் எழுந்து சமையற்கட்டுக்குப் போனால், சற்றுப் பொறுத்திருங்கள்.